மூன்று எழுத்து தள்ளி

அரியலூர் பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில், செங்குத்தான மாடிப்படி ஏறிப் போனால் அந்தக் கடை. முன்னறையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல், பான் கார்டு என்று காலையிலிருந்தே கூட்டம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இடுப்புக்கு மேல் கண்ணாடி. தடுப்புக்கு அந்தப் பக்கம் பழைய கணினிகளை வரிசையாக வைத்து கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார்கள். சர்வர் வேலை செய்யவில்லை, கொஞ்சம் உட்காருங்கள் என்றார்கள். பெஞ்சின் கோடியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பின்னறை முழுசாகத் தெரிந்தது, பேசுவதும் கேட்டது.

கீழே சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று போனது. கண்ணாடி கிடுகிடுத்தது. உள்ளே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிமென்ட் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகள். லாரிச் சத்தம் அவர்கள் காதில் ஏறுவதில்லை.

முன்னறையில் ஒரு பெரியவர், தோளில் பச்சைத் துண்டு, கைபேசியைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓடிபி வந்துச்சா பாருங்கய்யா" என்றார் கணினிக்காரர். "வந்துருக்கு தம்பி" என்ற பெரியவர், ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

கண்ணாடியை ஒட்டிய கணினியில் ஒரு பெண். மேஜைமேல் ரெக்கார்ட் நோட்டு; பழுப்பு அட்டையில் பிசிஏ முதலாம் ஆண்டு என்று எழுதியிருந்தது. எதிரே டர்போ சி-யின் நீலத் திரை. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு தலைமுறைக்கும் மேலாக இந்த நீலத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகினார்கள். பக்கத்து ஸ்டூலில் அவள் தம்பி. மடியில் தமிழ் இலக்கணக் குறிப்பேடு. மறுநாள் பரீட்சை என்று அக்காள் அவனுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தாள். அவன் கண் திரையை விட்டு நகரவில்லை.

அவள் நோட்டைப் பார்த்தாள், கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. "ஹாஷ் இன்க்ளூட்... வாய்ட் மெயின்... கிளியர் ஸ்கிரீன்..." பாட்டு ஒப்பிப்பதைப் போலவேதான் இருந்தது. பிறகு விரல்கள் ஓடின. பிராக்டிக்கல் தேர்வில் சீட்டு எடுக்க வேண்டும். எந்த நிரல் வருகிறதோ அதை எழுதிக் காட்ட வேண்டும். எதற்காக எந்த வரி என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்று மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நானும் நிறையப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அவர்கள்மேல் இல்லை.

நிரல் சின்னதுதான். ஒரு சொல்லை வாங்கு. ஃபார் லூப் போட்டு ஒவ்வொரு எழுத்தாக எடு. அதோடு மூன்றைக் கூட்டு. அச்சிடு. ஏ வந்தால் டி, பி வந்தால் இ. சீசர் சைஃபர் என்பது இதுதான்.

முதல் தடவை ஓட்டியதும் பிழை காட்டியது. செமிகோலன் இல்லையாம். திரை ஒரு வரியைச் சுட்டியது. அவள் அதற்கு மேல்வரியின் கடைசிக்குப் போய் அரைப்புள்ளி வைத்தாள். கம்பைலர் விட்டுப்போன இடத்தைக் காட்டாது, விட்டுப்போனதைக் கண்டுகொண்ட இடத்தைத்தான் காட்டும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். இது மனப்பாடத்தில் வந்ததில்லை, கைப்பழக்கத்தில் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

மறுபடி ஓட்டினாள். ஹலோ என்று ஆங்கிலத்தில் கொடுத்தாள். கே, ஹெச், ஓ, ஓ, ஆர் என்று வந்தது. நோட்டில் இருந்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து, "கரெக்ட்டா வந்துருச்சு" என்று நோட்டை மூடப் போனாள்.

"இது என்னக்கா?"

"ரகசிய எழுத்துடா. ஒவ்வொரு எழுத்தையும் மூணு தள்ளிப் போட்டா மத்தவங்களுக்குப் புரியாது."

"நாங்க ஸ்கூல்ல 'க' பாஷை பேசுவோமே, 'நீ வா'ன்னா 'கநீ கவா'. அதுவா?"

"அது நடுவுல ஒண்ணைச் சேர்க்கிறது. இது எழுத்தையே மாத்துறது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நம்ம ஊர் பேரைப் போடுக்கா."

"பிராக்டிக்கல்ல ஹலோதான்டா."

"சும்மா ஒரு தடவை."

தம்பிக்காகத்தான் போட்டாள். அரியலூருக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து: ஏ, ஆர், ஐ, ஒய், ஏ, எல், யு, ஆர். என்டர் தட்டினாள். டி, யு, எல் என்று மூன்று எழுத்து ஒழுங்காக வந்தது. நான்காவதாக, பின்பக்கம் சாய்ந்த ஒரு கோடு. அப்புறம் டி, ஓ, எக்ஸ், யு.

கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தாள். அதே கோடு. ரெக்கார்ட் நோட்டைத் திறந்து தன் நிரலோடு வரிவரியாக ஒத்துப்பார்த்தாள். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. முகத்தில் கலவரம். நோட்டில் இருப்பதை அப்படியே எழுதியும் தப்பாக வருகிறதென்றால் எதை நம்புவது என்ற கலவரம்.

"மிஸ், இங்க கொஞ்சம் வாங்களேன்."

சொல்லிக்கொடுப்பவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். திரையைப் பார்த்தவர் சிரிக்கவும் இல்லை, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுக்கவும் இல்லை. "எல்லா எழுத்தும் தப்பா வருதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மிஸ். ஒய் மட்டும்தான்."

"அப்ப அந்த ஒண்ணை மட்டும் பேப்பர்ல கையால போட்டுப் பாரு." சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விட்டார். நான் அந்தக் கடையில் பார்த்த மிகப் பெரிய காரியம் அதுதான். விடை தெரிந்தவர் விடையைச் சொல்லாமல் நகர்ந்து போனது.

அவள் ஒரு பழைய விண்ணப்பத்தின் முதுகில் எழுதினாள். கணினிக்கு எழுத்து என்பது எண். ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ-க்கு 65, இசட்டுக்கு 90. ஒய்-க்கு 89. மூன்றைக் கூட்டினால் 92. பென்சில் அங்கே நின்றது. 90-உடன் பெரிய எழுத்துகள் முடிந்துவிடுகின்றன. சின்ன ஏ தொடங்குவது 97-இல். நடுவே இருக்கும் ஆறு இடங்களில் எழுத்தே கிடையாது. பகர அடைப்பு, சாய்கோடு, அடிக்கோடு மாதிரியான குறிகள்தான். 92 என்பது அந்தச் சாய்கோடு.

"மிஸ், 92 எழுத்தே இல்ல மிஸ்!" இருந்த இடத்திலிருந்தே கூவினாள். கலவரம் போய் குரலில் உற்சாகம் ஏறியிருந்தது.

"அப்ப ஹலோவுக்கு மட்டும் ஏன் சரியா வந்துச்சு?"

அவள் விரல்விட்டுப் பார்த்தாள். ஹெச், இ, எல், ஓ. நான்குமே நெடுங்கணக்கின் முன்பாதியிலும் நடுவிலும் இருப்பவை. எதுவும் கடைசிப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஒன்று வந்தால்தான் நிரலின் ஓட்டை தெரியும். ஹலோவை ஆயிரம் தடவை போட்டாலும் தெரியாது.

மிஸ் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பங்குனிக்கு மூணு மாசம் தள்ளி என்ன மாசம்?" தம்பி முந்திக்கொண்டான்: "ஆனி." "பங்குனி 12-வது மாசம். கூட்டினா 15 வருதே, 15-வது மாசம்னு ஏன் சொல்லல?" "12 முடிஞ்சா மறுபடி சித்திரை வந்துருமே மிஸ்." "அதைத்தான் கம்ப்யூட்டர்கிட்ட யாரும் சொல்லல."

அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுத்தின் எண்ணிலிருந்து 65-ஐக் கழி. மூன்றைக் கூட்டு. 26-ஆல் வகுத்து மீதியை எடு. 65-ஐத் திரும்பக் கூட்டு. ஒய்-க்குப் போட்டுப் பார்த்தாள்: 89-இல் 65 போக 24, மூன்று சேர்த்தால் 27, மீதி 1, 65 சேர்த்தால் 66. பி. நிரலில் ஒரு வரியை மாற்றி ஓட்டினாள். சாய்கோடு நின்ற இடத்தில் பி வந்து உட்கார்ந்தது. சி மொழியில் மீதியைக் கேட்கும் ஒரு சதவீதக் குறியில் அடங்கிய வேலை.

இந்தக் கடைசி எழுத்துச் சிக்கல் நேற்று வந்ததில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார்: ஜூலியஸ் சீசர் தன் அந்தரங்கக் கடிதங்களில் எழுத்துகளை மூன்று தள்ளி எழுதினார், அவருக்குப் பின் வந்த அகஸ்டஸ் ஒன்று மட்டும் தள்ளினார். அவர்கள் நெடுங்கணக்கில் அப்போது எக்ஸ்தான் கடைசி. அதற்கு அடுத்த எழுத்து இல்லையே, என்ன செய்வது? அகஸ்டஸ் எக்ஸ் வந்த இடத்தில் ஏ-வை இரண்டு தடவை எழுதினாராம். ரோமாபுரிப் பேரரசரும் இந்த அரியலூர்ப் பெண்ணும் முட்டி நின்றது ஒரே சுவரில். அவர் ஒட்டுப்போட்டார், இவள் வட்டமாக வளைத்துவிட்டாள்.

"சரி, இப்ப இதைப் பழையபடி அரியலூரா மாத்து" என்றார் மிஸ்.

கூட்டலைக் கழித்தலாக்கினால் போதும் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டினாள். ஏ, ஆர், ஐ வந்தது. ஒய் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. ஏதோ கேட்கிறது என்று தம்பி திரையைத் தொட்டுக் காட்டினான். இந்தத் தடவை அவள் மிஸ்ஸைக் கூப்பிடவில்லை. நேராகப் பென்சிலை எடுத்தாள். பி என்பது 66. 65 போக 1. மூன்று போக மைனஸ் 2. மைனஸ் 2-ஐ 26-ஆல் வகுத்தால் சி மொழி கொடுக்கும் மீதியும் மைனஸ் 2-தான். அதோடு 65 சேர்த்தால் 63. கேள்விக்குறியின் எண் 63.

சித்திரைக்கு மூன்று மாதம் முந்தி தை என்று நமக்குத் தெரியும். சி மொழி மைனஸில் போய் நின்றுவிடும். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. எதிர்ம எண்ணுக்கு மீதி எப்படி வர வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டுத் தரநிலைகூட அந்தந்தக் கணினியின் போக்கில் விட்டிருந்தது, 1999-இல்தான் வரையறுத்தார்கள். அந்த வரையறைப்படியும் மைனஸ்தான். அதனால் நாம்தான் பார்த்து, வகுப்பதற்கு முன்னால் 26-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவள் கூட்டினாள். மைனஸ் 2, 24 ஆனது. 89. ஒய். ஊர்ப்பெயர் முழுசாகத் திரும்பி வந்தது. கடைசியாக ஒரு இஃப் சேர்த்தாள்: ஏ-யிலிருந்து இசட் வரை இருந்தால் மட்டும் தள்ளு, இல்லாவிட்டால் அப்படியே விடு. இடைவெளிக்கும் 32 என்று ஓர் எண் உண்டு; அதையும் தள்ளினால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே குப்பை விழும்.

தம்பிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தெரிந்த ஊர்களையெல்லாம் சொன்னான். "ஜெயங்கொண்டம் போடு. உடையார்பாளையம் போடு." உட்கார்ந்த இடத்தில் நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஒய். உடையார்பாளையத்தில் இரண்டு. திருமழபாடியை ஆங்கிலத்தில் எழுதினால் ழகரத்துக்காக ஓர் இசட் வந்துவிடுகிறது. பழைய நிரலில் அது 93-ஆகி, மூடும் பகர அடைப்பாக விழும். கங்கைகொண்ட சோழபுரத்தை நாம் உச்சரிக்கிறபடி எழுதினால் அங்கேயும் இசட்.

ஆங்கில நெடுங்கணக்கில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் இரண்டு எழுத்து இவை. நம் ஊர்ப்பெயர்களில் யகரமும் ழகரமும் தெருவுக்குத் தெரு நடமாடுகின்றன. நோட்டில் இருக்கும் அந்த ஹலோவைத் தேர்ந்தெடுத்தவர் வேறெங்கோ இருந்து எழுதியவர். அவர் சொல்லுக்கு நிரல் சரியாகத்தான் இருந்தது. இந்த மாவட்டத்தின் பெயரைக் கொடுத்த அந்த நொடியில் உடைந்தது. உடைந்ததால்தான் மீதி என்றால் என்ன, மைனஸ் எங்கே வரும், எழுத்துக்கும் எண்ணுக்கும் என்ன உறவு என்று மூன்று பாடம் ஒரே உட்காரலில் நடந்தது. சொந்த ஊரின் பெயர் ஓர் உணர்ச்சிக்காக மட்டும் போட வேண்டியதில்லை. அது நல்ல சோதனைத் தரவு.

"தமிழ்ல போட முடியாதாக்கா?"

டர்போ சி-யில் தமிழ் வராது. மிஸ் தன் கைபேசியில் இருந்த சி கம்பைலரைத் திறந்து கொடுத்தார். நிரலை அதில் அடித்து, தமிழில் அரியலூர் என்று கொடுத்தார்கள். விடை: அரியலூர். ஒன்றும் மாறவில்லை. அவள் போட்ட இஃப், இது ஏ-யிலிருந்து இசட்டுக்குள் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டது. சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்கும் ஸ்டிரிங் லென்த்தை அச்சிடச் சொன்னார் மிஸ். 24 என்று வந்தது.

"அஞ்சு எழுத்துதானே மிஸ்? அ, ரி, ய, லூ, ர்."

மிஸ் பிரித்துக் காட்டினார். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ரி என்பது ரகரமும் இகரக் குறியும். லூ என்பது லகரமும் ஊகாரக் குறியும். ர் என்பது ரகரமும் புள்ளியும். ஆக எட்டுக் குறி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். எட்டு மூன்று இருபத்து நான்கு. சி மொழியின் கேர் என்பது ஒரே ஒரு பைட்டைத்தான் பிடிக்கும். அதாவது நம் எழுத்தை அது மூன்று துண்டாக்கித்தான் பார்க்கிறது.

அவள் இஃபையும் 26 கணக்கையும் எடுத்துவிட்டு, துண்டுக்குத் துண்டு மூன்றைக் கூட்டி ஓட்டினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைபேசிமேல் குனிந்தார்கள். திரையில் சீன எழுத்துகள்! நடுவில் ஓரிடத்தில் உடைந்த எழுத்துக்கான கறுப்புக் கட்டம். எண்ணைத் தள்ளியதில் அரியலூர், யூனிகோடில் சீன எழுத்துகள் குடியிருக்கும் பகுதிக்குப் போய்விட்டிருந்தது. இகரக் குறி இருந்த இடம் மட்டும் எந்த எழுத்தாகவும் ஆக முடியாமல் உடைந்துவிட்டது.

பைட்டை விட்டுவிட்டு யூனிகோடு எண்ணையே தள்ளினாலும் சரிவராது. ககரத்தின் எண் 2965. ஙகரத்தின் எண் 2969. நடுவே மூன்று இடம் காலி. இந்திய மொழிகளை ஒரே வரிசையில் அடுக்கியபோது, தமிழில் இல்லாத ஒலிகளுக்கான இடங்களை வெறுமனே விட்டிருக்கிறார்கள். ககரத்தை மூன்று தள்ளினால் அந்தக் காலி மனையில்தான் போய் நிற்கும்.

"அப்ப நம்ம வரிசையை நாமளே எழுதிக்கணும்" என்றாள் அவள். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். பதினெட்டு மெய்யையும் தாளில் எழுதினாள். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அர்ரே என்கிற அணியில் இவற்றைப் போட்டுவைத்தால் 26-க்குப் பதில் 18-ஆல் மீதி எடுக்கலாம். உயிரெழுத்தையும் கொம்பையும் காலையும் தொட வேண்டாம், மெய்யை மட்டும் தள்ளலாம் என்று முடிவு செய்தாள். ரகரம் ழகரமானது. யகரம் வகரமானது. லகரம் ளகரமானது. தாளில் எழுதி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "அ... ழி... வ... ளூ... ழ்." அழிவளூழ். ஏதோ ஒரு பழைய கல்வெட்டில் இருக்கும் ஊர்ப்பெயர் மாதிரி ஒலித்தது.

அடுத்து அவள் தம்பியிடம் மறைத்து வேறொன்றை எழுதி நீட்டினாள். ரெழல்ரளூழ். "எத்தனை தள்ளினேன்னு சொல்ல மாட்டேன். இது எந்த ஊர், சொல்லு பார்ப்போம்."

அவன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். மடியில் இருந்த குறிப்பேட்டைப் புரட்டினான். "ர சொல்லுக்கு முதல்ல வராதுக்கா. அதனால இது நிச்சயமா மாத்தினதுதான்." ஒன்று பின்னால் தள்ளி எழுதினான்: யெவர்யழூவ். "யெ முதல்ல வராது." இன்னொன்று தள்ளினான்: மெலய்மவூல். முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இலக்கணத்துக்கு ஒத்துவந்தன. உரக்கப் படித்துப் பார்த்துத் தலையாட்டினான். அப்படி ஓர் ஊர் இல்லை. இன்னொன்று. "பெரம்பலூர்!" என்று கத்தினான். முன்னறையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பேருந்துதான் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பரீட்சைக்கு வேண்டாவெறுப்பாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்கிற பாடம், ஒரு பூட்டைத் திறக்கும் கருவியாக அவன் கையில் மாறியதை நான் பார்த்தேன். சொல்லின் முதலில் எது வரும், எது வராது என்று தொல்காப்பியத்திலிருந்து நன்னூல்வரை இலக்கணக்காரர்கள் வகுத்துவைத்தது மொழியின் இயல்பை. இயல்பு தெரிந்தவனிடம் எழுத்தை மட்டும் இடம் மாற்றி ஒளிக்க முடியாது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் கிந்தி இதையே வேறு வழியில் செய்துகாட்டினார்: ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணு, மறையெழுத்தில் அதிகம் வருவதோடு பொருத்து, பூட்டு திறந்துவிடும்.

அக்காள் முகம் கொஞ்சம் வாடியது. "இவ்வளவு சுலபமா கண்டுபிடிச்சுட்டான் மிஸ்."

"இங்கிலீஷ்ல 25 தடவை தள்ளிப் பார்த்தா போதும். உன் தமிழ் வரிசையில 17. எப்படிப் பண்றோம்னு தெரிஞ்சாலும் உடைக்க முடியாத அளவுக்கு சாவி பெருசா இருக்கணும். எழுதுற முறையை மறைக்கிறதுல ஒண்ணும் இல்ல, சாவியைத்தான் காப்பாத்தணும்."

1883-இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் படைத்துறைக்காக எழுதிய கட்டுரையில் இருக்கும் விதி இது. மறையெழுத்து முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகம் வரக்கூடாது. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். இன்றைக்கு வங்கியும் அரசுத் தளங்களும் நம்பியிருக்கும் ஏஇஎஸ் முறை உலகத்துக்கே தெரிந்தது. அதன் சின்னச் சாவிக்கே இருக்கும் வாய்ப்புகளை எழுதினால் 39 இலக்கம் வரும். தள்ளித் தள்ளிப் பார்க்க ஆயுள் போதாது.

இந்த நேரத்தில் முன்னறையில் அதே குரல். "ஓடிபி மறுபடி வந்துருக்கு தம்பி." பச்சைத்துண்டுப் பெரியவர்தான். சர்வர் அவரைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வைத்திருந்தது. அவர் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார்.

அந்தப் பெண் எழுந்து தடுப்பைத் தாண்டி வந்தாள். "தாத்தா, சத்தமாச் சொல்லாதீங்க. அது சாவி மாதிரி. அந்த அண்ணன்கிட்ட காட்டுங்க, அவரே பார்த்துப் போட்டுக்குவாரு. நாளைக்கு யாராவது போன் பண்ணி நம்பரைக் கேட்டாலும் சொல்லிறாதீங்க."

"சொன்னா என்னம்மா ஆகும்?"

"உங்க கணக்கு இருக்கிற கதவை அவங்க திறந்துருவாங்க தாத்தா."

பெரியவர் கைபேசியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கணினிக்காரரிடம் போய்க் காட்டினார். காலையில் நான் அங்கே வந்தபோது அவள் ஒரு நிரலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதில் இருக்கும் பொருளை, சி மொழியும் ஆங்கிலமும் தெரியாத ஒருவருக்குப் பயன்படும்படி எடுத்துச் சொல்லிவிட்டாள். ஒரு பாடம் ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டதா என்று பார்க்க இதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போய் ரெக்கார்ட் நோட்டைத் திறந்தாள். ஹலோவுக்குக் கீழே இடம் இருந்தது. அரியலூர், உடையார்பாளையம், திருமழபாடி என்று மூன்று ஊரையும் அவற்றின் விடைகளையும் எழுதினாள். நிரல் வரிக்குப் பக்கத்தில், 26-ஐ ஏன் கூட்டினோம் என்று ஒரே வரியில் குறிப்பும் எழுதினாள். வெளித்தேர்வாளர் எந்தக் கேள்வி கேட்டாலும் இனி அவளிடம் பதில் உண்டு. கேட்காமல் போனாலும் நட்டம் இல்லை.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு சி மொழி நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ரெக்கார்ட் நோட்டில் விடைக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரையும், தன் ஊரையும், தன் அம்மா பெயரையும் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது விதமான விடை வரும், சில உடையும். உடைந்த விடைக்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல், அந்தப் பிள்ளையிடம் ஒரு பென்சிலைக் கொடுங்கள்.